கொழுவுதல்

முரசுமோட்டைக் கமக்காரர் அமைப்பிடம்
இருப்பது ஒரேயொரு கொம்பியூட்டர்.
ஏதோ ஒரு திட்டம் முடிந்து போகையில் விட்டுவிட்டுப் போனது.
பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் உரிந்து உரிந்து
'நிலைபேறான' என்ற சொல்லில்
'நிலை' மட்டும் மிஞ்சியிருக்கிறது.

உரக் கணக்கையும் தண்ணிக் கணக்கையும்
ஒரே இடத்தில் கலந்து வைக்காதேங்கோ
என்று எழுதிவிட்டுப் போனார் கணக்காய்வாளர்.
புது ஹார்ட் டிஸ்க் வாங்கக் காசில்லை
என்று கூட்டக் குறிப்பில் எழுதியது நான்.

ஆகவே வியாழன் மத்தியானம்
பொருளாளர் குணநாயகி அக்கா சோற்றுப் பார்சலைப் பிரிக்கையில்
இல்லாத டிஸ்க் ஒன்றை உண்டாக்கினேன்.

எங்கே வைக்க, என்று கேட்டது.
ஒரு மூலையைக் காட்டினேன்.
எவ்வளவு, என்று கேட்டது.
இருநூறு ஜிபி என்றேன்.
உள்ளே மிச்சம் கிடந்தது அறுபத்தொன்று.
ஏன் பொய் சொல்கிறாய் என்று அது கேட்கவில்லை.

சொன்ன அளவை முதலிலேயே பிடித்துக்கொண்டு
படுத்துக்கிடக்கிற டிஸ்க் ஒரு வகை.
போடப் போட ஊதுகிறது மற்றது.
நான் எடுத்தது ஊதுகிறதை.

"அப்ப அந்த இருநூறு?"
"அது சொல்லு அக்கா. அறுபத்தொண்டுதான் பொருள்."
விரலை நக்கிக்கொண்டு சிரித்தா:
"ஓ, சிறுபோகக் கூட்டம் மாதிரி."

போன சித்திரையில் அந்தக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன்.
குளத்தில் எத்தனை அடி என்று பொறியியலாளர் வாசித்தார்.
வாசித்ததை ஒருவரும் கேட்கவில்லை.
முன்வரிசை ஓர் ஏக்கர் கேட்டது, பின்வரிசை அரை.
முடிவில் ஆளுக்குக் கால் என்று பேப்பரில் விழுந்தது.
பேப்பருக்கென்ன, ஊதும்.
கடைவாய்க்காலில் சூசைமுத்துவின் பயிர்
குடலை பருவத்தில் வெடிப்பு நிலத்தில் நின்றது.

திரையில் கறுப்புப் பட்டை ஒன்று வந்தது.
'ஒதுக்கப்படாதது' என்றிருந்தது அதில்.
எங்கள் வளவுக்குப் பின்னால் காட்டுக் கந்தோர்
நட்டுவிட்டுப் போன கல்லின் நிறம்.
கிளிக் செய்தேன்.
பட்டை நீலமாயிற்று.
பேர் கேட்டது: தண்ணி.
எழுத்துக் கேட்டது: ஈ.

சனிக்கிழமை காலை
கரண்ட் போய் வந்தது.
தலைவர் தர்மகுலசிங்கத்தார் ஹெல்மெட்டைக் கழற்றாமலே
திரைக்குள் தலையை விட்டார்.
சீ இருந்தது, டீ இருந்தது, ஈ இல்லை.

"பிள்ளை, தண்ணியைக் காணேல்லை!"

வாசலில் நின்ற இரண்டு பேர் அதற்குள்
கடைவாய்க்கால்காரர்தான் அழித்தது என்று தீர்த்துவிட்டார்கள்.
சூசைமுத்துவின் பேர் அடிபட்டது.
அந்த மனுசனுக்கு மௌஸ் பிடிக்கவும் தெரியாது.

நான் சொன்னேன்:
அழியவில்லை, கழன்றிருக்கிறது.
ஒவ்வொரு தரம் மெஷின் விழுந்து எழும்பும்போதும்
கையால் கொழுவ வேண்டும் இதை.

வாசலில் நின்றவர்கள் ஏற்கெனவே
கொழுவிக்கொண்டுதான் நின்றார்கள்.

மூலையில் கிடந்தது, ஒற்றைக் கோப்பாய்,
பூட்டிய துருசு மாதிரிச் சத்தமில்லாமல்.
வலப்பக்கம் அமத்திக் கொழுவினேன்.
நீலம் திரும்பி வந்தது.
ஏழாம் வாய்க்கால், புதன் இரவு இரண்டு தொடக்கம் நாலு,
பிரதான வாய்க்காலில் ஆரோ வைத்த மண்மூட்டையின் படம்,
சூசைமுத்து மூன்று தரம் எழுதித் தந்த முறைப்பாடு
எழுத்துப் பிழையோடு அப்படியே.

தலைவர் கதிரையில் இருந்து
இப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.
"குளத்துக்கும் இப்பிடி ஒண்டு போடேலாதோ பிள்ளை?"

அவர் பகிடி விடவில்லை.

பதில் சொல்லாமல்
ஈயைத் திறந்து
இன்று எவ்வளவு ஊதியிருக்கிறது என்று பார்த்தேன்.
முப்பத்தெட்டு.
மேலே இருநூறு என்றுதான் இன்னும் எழுதியிருந்தது.